டிவைட், செப்பரேட், ஸ்ப்ளிட்: ஒரே ‘பிரி’க்குள் அடங்காத ஆங்கில வினைகள்

நீங்கள் கேட்டது இது: டிவைட், செப்பரேட், ஸ்ப்ளிட், பார்ட், செவர், ஷேர் என்று எதைத் தேடினாலும் அகராதி ‘பிரி’, ‘பங்கிடு’ என்றே சொல்கிறது. ‘இந்த வேலையை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நீங்கள் செப்பரேட் என்று போட்டீர்கள், அது தவறு என்று ஒருவர் டிவைட் ஆக்கினார், ஆனால் காரணம் சொல்லவில்லை. பார்க்க அகராதிப் பொருள் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். ஆங்கிலம் பேசுகிறவர் எதைப் பார்த்து இந்தச் சொற்களில் ஒன்றை எடுக்கிறார், மற்றதை ஏன் தொடுவதில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு அகராதியின் ஒரு வரிப் பொருள் உதவாது.

மொழிபெயர்ப்பதும், மற்றவர்கள் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பதும் என் தொழில். தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் இந்தச் சொற்கூட்டம் திரும்பத் திரும்பச் சிக்கலாகிறது. காரணம் எளிது. தமிழில் ‘பிரி’ மிகப் பெரிய சொல். சொத்தைப் பிரிக்கலாம், சண்டை போடுகிறவர்களைப் பிரிக்கலாம், பொட்டலத்தைப் பிரிக்கலாம், கூரையைப் பிரிக்கலாம், கணவன் மனைவி பிரியலாம். ஆங்கிலத்தில் இந்த ஐந்துக்கும் ஒரே வினை கிடையாது. இத்தனை வருடம் திருத்தியதில் எனக்கு நன்றாகப் பிடிபட்ட ஒரு விஷயம் இருக்கிறது: என்ன செயல் நடக்கிறது என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். செயலுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, ஒரு பொருளா, பல பொருட்களா என்று பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மேசையில் ஒரு குவியல் இருக்கிறது. ஆணிகளும் திருகாணிகளும் கலந்து கிடக்கின்றன. அந்தக் குவியலை டிவைட் செய்யச் சொன்னால் நீங்கள் அதை இரண்டு மூன்று சிறு குவியல்களாக ஒதுக்குவீர்கள். ஒவ்வொரு சிறு குவியலிலும் ஆணியும் இருக்கும், திருகாணியும் இருக்கும். அதே குவியலைச் செப்பரேட் செய்யச் சொன்னால் ஆணிகள் ஒரு பக்கம், திருகாணிகள் மறுபக்கம் என்று பொறுக்கி வைப்பீர்கள். இரண்டு வேலையும் முடிந்த பிறகு மேசையில் இரண்டு குவியல்கள் இருக்கலாம், ஆனால் நடந்தது ஒன்றல்ல. டிவைட் என்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது ஒரு முழுமை. செப்பரேட் என்பவர் கண்ணுக்கு ஆரம்பத்திலேயே இரண்டு வேறு பொருட்கள் தெரிகின்றன, அவை சேர்ந்து கிடக்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே டிவைட் ஒன்றைப் பலவாக்கும். அதில் கவனம் பாகங்களின் மேல், அவற்றின் எண்ணிக்கை, அளவின் மேல் இருக்கும். செப்பரேட் பலவற்றுக்கு நடுவில் இடைவெளியை உண்டாக்கும். அதில் எத்தனை, எவ்வளவு என்ற பேச்சே வராமல் இருக்கலாம். மாணவர்கள் இருபது பேரை நான்கு குழுவாக்கினால் டிவைட். அவர்களில் அடித்துக்கொள்ளும் இருவரை விலக்கிவிட்டால் செப்பரேட். விலக்கிவிட்ட இருவரைப் பார்த்து ‘டிவைட்’ என்று சொன்னால் ஆங்கிலக் காதுக்கு விசித்திரமாக இருக்கும். அந்த இருவரும் முன்பு ஒரே பொருளாக இருந்தது போலாகிவிடும்.

இரண்டும் ஒரே இடத்தில் சரியாகப் பொருந்தும் ஓர் உதாரணம் பெர்லின் சுவர். 1961 ஆகஸ்ட் 13 அன்று எழும்பத் தொடங்கி, 1989 நவம்பர் 9 அன்று திறந்துவிடப்பட்ட அந்தச் சுவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது, சுவர் நகரத்தை டிவைட் செய்தது, குடும்பங்களைச் செப்பரேட் செய்தது என்று எழுதுவது மிக இயல்பு. நகரம் ஒன்று, அது இரண்டு துண்டானது. குடும்பத்தில் இருப்பவர்கள் பலர். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போனார்கள். குடும்பத்தை டிவைட் செய்தது என்றும் எழுதலாம், தவறில்லை. அப்போது குடும்பம் என்ற ஒரு முழுமை உடைந்ததாகப் படம் மாறும். சில எழுத்தாளர்கள் அந்த அழுத்தம் வேண்டும் என்றே அப்படி எழுதுவார்கள். 1945இல் 38ஆம் இணைகோட்டில் கூறுபட்ட கொரியாவின் குடும்பங்களைப் பற்றிய கட்டுரைகளில் இரண்டு சொற்களையும் பார்க்கலாம்.

சரி, உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். வேலை ஒன்று, பெறுகிறவர்கள் நான்கு பேர். ஒரு முழுமை பாகங்களாகி ஆட்களுக்குப் போகிறது என்பதால் டிவைட்தான் வர வேண்டும். திருத்தியவர் செய்தது சரி. செப்பரேட் போட்டால் படிக்கிறவர் மனதில் எழும் முதல் கேள்வி ‘எதிலிருந்து?’ என்பதாக இருக்கும். செப்பரேட் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும் சொல் ‘ஃப்ரம்’. டிவைட் இழுத்து வருவது ‘இன்டு’ அல்லது ‘அமங்’. இந்தச் சின்னச் சொற்களைக் கவனிப்பது, வினையை மட்டும் மனப்பாடம் செய்வதைவிட எவ்வளவோ மேல். நீங்கள் எழுத நினைக்கும் வாக்கியத்தில் ‘இத்தனை பாகமாக’ அல்லது ‘இத்தனை பேருக்கு’ என்பது இருந்தால் டிவைட் பக்கம் போங்கள். ‘இதிலிருந்து அதை’ என்பது இருந்தால் செப்பரேட் பக்கம்.

இது இன்றைய ஆங்கிலத்துக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது. பழைய ஆங்கிலம் படித்தால் வேறு மாதிரி இருக்கும். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் அதிகாரத்தில் கடவுள் ஒளியை இருளிலிருந்து பிரிக்கும் இடத்தில் டிவைட் என்ற சொல்தான், அதுவும் ஃப்ரம் சேர்ந்தே வருகிறது. இருபதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது செப்பரேட் ஆகிவிட்டது. நானூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வேலையையும் டிவைட் செய்துகொண்டிருந்தது, பிறகு அதைச் செப்பரேட்டிடம் விட்டுவிட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். எனவே பழைய நூலில் டிவைட் ஃப்ரம் என்று பார்த்தால் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செப்பரேட் என்பதில் ‘இன்டு’ வராதா என்றால், வரும். இங்கேதான் எல்லை கலங்குகிறது. ஆய்வகத்தில் ரத்தத்தைச் சுழற்றி பிளாஸ்மாவாகவும் அணுக்களாகவும் பிரிக்கும்போது செப்பரேட் இன்டு என்பார்கள். கவனித்துப் பாருங்கள், வருகிற பகுதிகள் வேறு வேறு வகை. ரத்தத்துக்குள் முன்பே இருந்தவை. அதே ரத்தத்தை மூன்று குழாய்களில் ஊற்றி வைத்தால் டிவைட் இன்டு. மூன்றிலும் அதே ரத்தம்தான். இந்த வித்தியாசம் எழுத்தில் பெரும்பாலும் காக்கப்படுகிறது. பேச்சில், குறிப்பாக ஆட்களைக் குழுவாக்கும்போது, செப்பரேட் இன்டு க்ரூப்ஸ் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அதை நான் தவறு என்று அடிக்க மாட்டேன். அலுவலகக் கடிதத்தில் டிவைட் போடுவதுதான் பாதுகாப்பு.

டிவைட் கணக்கிலும் வருவதால் அதில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. முப்பதை ஆறால் வகுப்பது டிவைட் பை. ஆறை முன்னால் வைத்து டிவைட் சிக்ஸ் இன்டு தேர்ட்டி என்றாலும் விடை ஐந்துதான், ஆனால் வரிசை தலைகீழாகிவிட்டது. பழைய பள்ளிக்கூடக் கணக்கு நடையில் இது நிறைய வரும். அப்புறம், பாதியாக்குவது வேறு, அரையால் வகுப்பது வேறு. இருபதை ‘இன் ஹாஃப்’ டிவைட் செய்தால் பத்து. ‘பை ஹாஃப்’ டிவைட் செய்தால், சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், நாற்பது. புதிர் போடுகிறவர்களுக்கு இது பிடித்த இடம். அறிக்கை எழுதுகிறவர்கள் இந்தத் தொடரையே தவிர்த்து ‘ஹாவ்’ என்ற தனி வினையைப் போடுவது நல்லது. சரிபாதியாக என்று வடிவியலில் சொல்ல வேண்டுமானால் பைசெக்ட் இருக்கிறது. கோணத்தைப் பைசெக்ட் செய்தால் இரண்டும் சமமாக இருந்தே ஆக வேண்டும். வெறும் டிவைட் அந்த உறுதியைத் தருவதில்லை.

கருத்து வேறுபாட்டுக்கும் டிவைட் வரும். ஒரு குழு டிவைடட் ஆக இருக்கிறது என்றால் அதற்குள் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது என்று பொருள். குழு இன்னும் ஒரே குழுதான். 1858 ஜூன் 16 அன்று ஆபிரகாம் லிங்கன் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பேசிய புகழ்பெற்ற உரை, தனக்குள்ளேயே பிளவுபட்ட வீடு நிலைக்காது என்ற விவிலிய வாக்கை எடுத்தாள்கிறது. அங்கே இருப்பது டிவைடட் என்ற சொல். வீடு இன்னும் நிற்கிறது, உள்ளே பகை. செப்பரேட்டட் என்று அவர் சொல்லியிருந்தால் வீடு ஏற்கெனவே இரண்டாகிப் போய்விட்டதாகும், எச்சரிக்கைக்கே இடமிருக்காது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எண்ணி நடத்தும் வாக்கெடுப்புக்கு டிவிஷன் என்று பெயர். ஆதரிப்பவர்கள் ஒரு கூடத்துக்கும் எதிர்ப்பவர்கள் இன்னொரு கூடத்துக்கும் நடந்து போய் எண்ணிக்கை கொடுப்பதால் வந்த பெயர் அது. வாக்கு முடிந்ததும் எல்லோரும் அதே அவைக்குத் திரும்புகிறார்கள். டிவைட் என்பதில் முழுமை எங்கோ பின்னால் நின்றுகொண்டே இருக்கும் என்பதை இந்த வழக்கு நன்றாகக் காட்டுகிறது.

ஸ்ப்ளிட் எனக்கு மிகவும் பிடித்த சொல், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டிவைடும் செப்பரேட்டும் லத்தீனிலிருந்து வந்தவை. ஸ்ப்ளிட் டச்சு மொழிப் பக்கத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. முதலில் அது கப்பல் பாறையில் மோதியோ புயலில் சிக்கியோ உடைவதைச் சொல்லவே பயன்பட்டது. அந்த வேகம் இன்னும் அதில் இருக்கிறது. மின்னல் மரத்தை ஸ்ப்ளிட் செய்யும், டிவைட் செய்யாது. குனியும்போது கால்சட்டைத் தையல் ஸ்ப்ளிட் ஆகும். விறகை நார்ப்போக்கில் கோடாரியால் பிளந்தால் ஸ்ப்ளிட். குறுக்கே ரம்பத்தால் அறுத்தால் கட் அல்லது சா. பொருளுக்குள் ஏற்கெனவே ஒரு கோடு, ஒரு போக்கு இருக்கிறது, அதன் வழியே அது இரண்டாகிறது என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் படம். தமிழில் ‘பிள’ இதற்கு மிக நெருக்கம்.

இந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் அறிவியலில் வரும் ஒரு வித்தியாசம் அழகாக விளங்கும். உயிரணு டிவைட் ஆகிறது. அணுவை ஸ்ப்ளிட் செய்தார்கள். 1932இல் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர்கள் காக்ராஃப்டும் வால்டனும் வேகமூட்டிய புரோட்டான்களால் லித்தியம் அணுக்கருவை உடைத்ததை ஆங்கில உலகம் அணுவை ஸ்ப்ளிட் செய்தல் என்றே இன்றுவரை சொல்கிறது. உயிரணு ஒழுங்காக, படிப்படியாக இரண்டாகிறது. வருகிற ஒவ்வொன்றும் மறுபடி ஒரு முழு உயிரணு. அணுக்கருவோ வெளியிலிருந்து மோதலை வாங்கி உடைகிறது. சுவையான விஷயம், 1939இல் யுரேனியக் கரு பிளவுபடுவதற்கு ‘ஃபிஷன்’ என்று பெயர் வைத்தபோது இயற்பியலாளர் ஓட்டோ ஃபிரிஷ் அந்தச் சொல்லை உயிரியலில் இருந்துதான் கடன் வாங்கினார். உயிரணு இரண்டாவதற்கு அங்கே அந்தப் பெயர் இருந்தது. பெயர்ச்சொல் இரண்டு துறைக்கும் பொதுவாகிவிட்டது. வினை மட்டும் அதனதன் இடத்தில் நின்றுவிட்டது.

ஆனால் ஸ்ப்ளிட் என்றாலே வன்முறை என்று எடுத்துக்கொண்டால் அன்றாட ஆங்கிலம் உங்களைத் திகைக்க வைக்கும். செலவை ஸ்ப்ளிட் செய்துகொள்ளலாம் என்பது நட்பான பேச்சு. பேரத்தில் நடுவில் வந்து முடிப்பதும் ஸ்ப்ளிட்தான். இந்த இடங்களில் ஸ்ப்ளிட் என்பது டிவைட் உடைய பேச்சு வடிவம், பெரும்பாலும் சமபாகம் என்ற எண்ணத்தோடு. பங்குச் சந்தையில் ஒரு பங்கைப் பலவாக்குவதும் ஸ்ப்ளிட். 2020 ஆகஸ்டில் ஆப்பிள் தன் ஒவ்வொரு பங்கையும் நான்காக்கியது. வைத்திருந்தவரின் மொத்த மதிப்பு இதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது ஒரு துறைச்சொல். அங்கே டிவைட் போட்டால் இலக்கணம் சரியாக இருந்தாலும் துறை தெரியாதவர் எழுதியது என்று தெரிந்துவிடும். கட்சி ஸ்ப்ளிட் ஆனது என்றால் இரண்டு கட்சியாகிவிட்டது; கட்சி ஸ்ப்ளிட் ஆக இருக்கிறது என்றால் கருத்தில்தான் பிளவு. ஒரு ‘இருக்கிறது’ இவ்வளவு மாற்றுகிறது, மொழிபெயர்க்கும்போது இதைத் தவறவிட்டால் செய்தியே பொய்யாகிவிடும்.

பார்ட் மென்மையான சொல். சேர்ந்திருந்த இரண்டு பக்கங்கள் விலகி நடுவில் வழி விடுவது அதன் அடிப்படை. திரை பார்ட் ஆகும், உதடுகள் பார்ட் ஆகும், கூட்டம் பார்ட் ஆகி வழி விடும். தலைமுடியில் வகிடு எடுப்பதும் பார்ட்தான். தமிழிலும் வகிடு என்பது ‘வகு’ என்பதோடு சேர்ந்த சொல் என்பதால் இந்த ஒன்று நமக்கு எளிதில் மனதில் நிற்கும். ஆட்கள் விடைபெற்றுப் பிரிவதற்கும் இதுவே, கொஞ்சம் இலக்கிய வாடையோடு. இங்கே சின்னச் சொல் மிக முக்கியம்: ஆளைப் பிரிவது பார்ட் ஃப்ரம், பொருளை விட்டுக்கொடுப்பது பார்ட் வித். பழைய கைக்கடிகாரத்தை விற்க மனமில்லை என்றால் அதோடு பார்ட் வித் ஆக மனமில்லை என்று பொருள். திருமண உறுதிமொழியில் சாவு நம்மைப் பிரிக்கும் வரை என்ற வரியிலும் பார்ட் இருக்கிறது. 1549இன் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலில் அது ‘டிபார்ட்’ என்று இருந்தது. அப்போது டிபார்ட் என்பதற்குப் பிரித்தல் என்றும் பொருள் உண்டு. புறப்படுதல் என்ற பொருளே மிஞ்சிய பிறகு, 1662இன் பதிப்பில் ‘டு பார்ட்’ என்று மாற்றினார்கள்.

செவர் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: அதுவும் செப்பரேட்டும் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள். ஒன்று நேராக லத்தீன் எழுத்திலிருந்து வந்தது. இன்னொன்று பிரெஞ்சு வாயில் தேய்ந்து வந்தது. பிறப்பு ஒன்றானாலும் குணம் வேறு. செப்பரேட் செய்தவற்றைப் பெரும்பாலும் மறுபடி சேர்க்கலாம். செவர் செய்தது அறுந்தது. உடலோடு இருந்த விரல், தூணோடு இருந்த கம்பிவடம், நாட்டோடு இருந்த தூதரக உறவு, இப்படி ஒட்டியிருந்த ஒன்றை ஒரே வெட்டில் துண்டிப்பதுதான் செவர். இதை லேசான காரியத்துக்குப் போட வேண்டாம். ஒரு வாடிக்கையாளரோடு இனி வேலை இல்லை என்று எழுத செவர் போட்டால் கதவை அறைந்து சாத்திய தொனி வந்துவிடும். சட்ட எழுத்தில் மட்டும் இதற்குச் சூடு இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னாலும் மற்றவை நிற்கும் என்று எழுதும் பகுதிக்கு செவரபிலிட்டி என்று பெயர். அங்கே அது அமைதியான துறைச்சொல்.

க்ளீவ் இன்று அரிது. இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. பிளத்தல் என்று ஒரு பொருள், ஒட்டிக்கொள்ளுதல் என்று நேர் எதிரான இன்னொரு பொருள். ஒரே சொல் இரண்டு முகம் காட்டுகிறது என்று பலர் வியக்கிறார்கள். உண்மையில் பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு வினைகள். ஒலி மாறி மாறி ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. பிளத்தல் பொருள் இன்று உயிரோடு இருப்பது தொழிற்கூடங்களில். வைரத்தை அதன் படிகத் தளத்தில் ஒரே தட்டில் பிளப்பதை க்ளீவ் என்பார்கள், அறுப்பது வேறு வேலை. 3106 காரட் எடையில் கிடைத்த கல்லினன் வைரத்தை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் பிளந்ததைச் சொல்லும்போது க்ளீவ் வருவது இதனால்தான். அன்றாட எழுத்துக்கு இந்தச் சொல் வேண்டாம். படித்தால் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

ஷேர் இந்தக் கூட்டத்தில் இருந்தாலும் ஒரு காலை வெளியே வைத்திருக்கிறது. ஓர் அறையை டிவைட் செய்தால் நடுவில் தட்டி வருகிறது. அதே அறையை இருவர் ஷேர் செய்தால் எதுவும் பிளக்கவில்லை, இருவரும் முழு அறையையும் புழங்குகிறார்கள். ரகசியத்தை, கவலையை, பெயரை, பிறந்தநாளை ஷேர் செய்யலாம். இவை எதுவும் கொடுத்தவரிடம் குறைவதில்லை. செலவையோ லாபத்தையோ ஷேர் செய்தால் மட்டும் டிவைட் உடைய வேலை உள்ளே நடக்கிறது. டிவைட் பாகத்தைப் பார்க்கிறது, ஷேர் ஆட்களைப் பார்க்கிறது. வேலையைப் பிரித்துக் கொடுங்கள் என்று மேலிருந்து சொல்லும்போது டிவைட், நமக்குள் பகிர்ந்துகொள்வோம் என்று உடனிருப்பவர் சொல்லும்போது ஷேர். தமிழ் ‘பகிர்’ இந்த இரண்டு பக்கத்தையும் அப்படியே தாங்குகிறது என்பதால் இதில் நம்மவர்கள் அதிகம் தடுமாறிப் பார்த்ததில்லை.

பங்கீட்டுக்கு இன்னும் சில சொற்கள் உண்டு. டிஸ்ட்ரிப்யூட் என்பதில் பலருக்குப் போய்ச் சேருவதுதான் முக்கியம். சமமா என்ற கேள்வி இல்லை. அலாட், அலோகேட் இரண்டிலும் ஒதுக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும். அப்போர்ஷன் விகிதப்படி, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களை ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னும் மாநிலங்களுக்கு ஒதுக்குவதற்கு இந்தச் சொல்தான். பழியை யார் யாருக்கு எவ்வளவு என்று அளந்து சுமத்துவதற்கும் இதுவே.

அரசியலும் சமூகமும் தொட்ட சொற்களில் கவனம் அதிகம் தேவை. பார்டிஷன் என்பது நாட்டையோ நிலத்தையோ அதிகாரபூர்வமாகக் கோடு போட்டுக் கூறாக்குவது. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அண்டை அரசுகள் போலந்தைத் துண்டாடியதற்கும் 1947இல் இந்தியா இரண்டானதற்கும் இதே சொல். அறைத் தடுப்புக்கும் கணினி வட்டின் பகுதிக்கும்கூட இதுதான், ஆனால் நாட்டைப் பற்றி எழுதும்போது அதன் வரலாற்றுச் சுமை கூடவே வரும். செக்ரகேட் என்பதன் வேர் லத்தீனில் மந்தை, மந்தையிலிருந்து ஒதுக்குதல். குப்பையைத் தரம்பிரிக்க இதைச் சாதாரணமாகப் போடுகிறோம். மனிதர்களுக்குப் போட்டால் அது ஒதுக்கிவைக்கும் கொடுமையைக் குறிக்கும். அமெரிக்காவில் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கும் ‘தனியாக, ஆனால் சமமாக’ என்ற கொள்கையை உச்ச நீதிமன்றத்தின் 1896இன் தீர்ப்பு ஏற்றது, 1954இன் பிரௌன் வழக்குத் தீர்ப்பு பள்ளிகளில் அதைத் தள்ளியது. அந்தக் கொள்கையின் பெயரில் இருந்தது செப்பரேட் என்ற வெறும் சொல். நடந்ததைச் சரியாகச் சொல்லும் பெயர் செக்ரகேஷன். மாணவர்களை வயதுவாரியாகக் குழுவாக்கினோம் என்று எழுத யாராவது செக்ரகேட் போட்டிருந்தால் நான் கட்டாயம் மாற்றிவிடுவேன்.

‘பிட்வீன்’, ‘அமங்’ பற்றியும் நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். இருவர் என்றால் பிட்வீன், இருவருக்கு மேல் என்றால் அமங் என்று பள்ளியில் சொல்லித் தருவது முழு உண்மை இல்லை. பிட்வீன் தொடக்க காலத்திலிருந்தே இரண்டுக்கு மேலும் வந்திருக்கிறது. பெறுகிறவர்களைத் தனித்தனியாகப் பெயர் சொன்னால் மூன்று பேரானாலும் பிட்வீன் நன்றாக ஒலிக்கும். கூட்டமாகச் சொன்னால் அமங். தேர்வு எழுதுகிறீர்கள் என்றால் மட்டும் பள்ளி விதியையே பின்பற்றுங்கள், மதிப்பெண் போடுகிறவர் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது: நம் ‘பிரி’ வரும் எல்லா இடத்திலும் இந்தக் கூட்டத்தில் ஒன்று வந்தாக வேண்டும் என்றில்லை. பொட்டலத்தைப் பிரிப்பது அன்ராப் அல்லது ஓப்பன். கூரையைப் பிரிப்பது டேக் டவுன். இயந்திரத்தைப் பாகம் பாகமாகப் பிரிப்பது டேக் அபார்ட், முறையான எழுத்தில் டிஸ்மேன்டில். கயிற்றின் புரி பிரிவது அன்ராவல். பாதை பிரிவது ஃபோர்க், ஸ்ப்ளிட், டிவைட் மூன்றில் எதுவும் ஆகலாம். மணவாழ்வில் செப்பரேட்டட் என்றால் விவாகரத்து ஆகிவிட்டது என்று பொருளில்லை, தனித்தனியே வாழ்கிறார்கள் என்று மட்டும்தான். விண்ணப்பப் படிவங்களில் இவை இரண்டும் தனித்தனிக் கட்டங்களாக இருப்பது இதனால்தான், தவறான கட்டத்தில் குறியிட்டால் சட்டச் சிக்கல் வரலாம்.

கடைசியாக எழுத்தும் உச்சரிப்பும். செப்பரேட் என்பதில் ‘பி’ என்ற எழுத்துக்குப் பின்னால் வருவது ‘ஏ’ என்ற எழுத்து, ‘ஈ’ அல்ல. ஆங்கிலேயர்களே மிக அதிகமாகத் தவறவிடும் எழுத்துகளில் இது ஒன்று. வினையாகச் சொல்லும்போது கடைசி அசை ‘ரேட்’ என்று நீளும். ‘தனியான’ என்ற பொருளில் ‘செப்ரட்’ என்று குறுகும். டிசெக்ட் என்பதில் ‘எஸ்’ இரண்டு, பைசெக்ட்டில் ஒன்று. டிசெக்ட் என்பதைப் பைசெக்ட்டோடு ஒப்பிட்டு ‘டைசெக்ட்’ என்று சொல்கிறவர்கள் ஏராளம், அகராதிகளும் அந்த உச்சரிப்பை ஏற்கின்றன. ஆனால் அதன் பொருளில் இரண்டு என்பதே இல்லை. அறுத்துத் தனித்தனியாக்கி ஆராய்வது மட்டும்தான். ஆகவே ஓர் அறிக்கையை டிசெக்ட் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள வேண்டாம், வரி வரியாக உட்கார்ந்து பாருங்கள்.